நிற்கிறேன் என்று சொன்ன சர்வர்

கம்ப்யூட்டரில் ஒரு சர்வரைத் தொடங்க ஒரு வரி, நிறுத்த ஒரு வரி. புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் இந்த இரண்டு வரியையும் முதல் வாரத்திலேயே எழுதிவிடுவீர்கள். எழுதிவிட்டு டீ குடிக்கக் கீழே இறங்கிவிடுவீர்கள். நானும் அப்படி இறங்கிப் போனவள்தான். திரும்பி வந்து அந்த இரண்டு வரியை இன்னொரு முறை படித்திருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது.

தஞ்சாவூரில் ஒரு மாடியில் இயங்கிய சின்ன கம்பெனி எங்களுடையது. ஆறு பேர், ஒரு ஏ.சி., அதுவும் மனசு வைத்தால்தான் ஓடும். பெங்களூர் போ, சென்னை போ என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்குப் பிடிவாதம் அதிகம், போகவில்லை. ஓய்வு பெறும்வரை அதே மாடிதான். பெரிய வங்கிக்கோ விமானக் கம்பெனிக்கோ நான் நிரல் எழுதியதில்லை. அரிசி ஆலை, உரக்கடை, உப்பளம், நெல் களம், இவைதான் என் வாடிக்கையாளர்கள். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. விமானம் ஒரு மணி நேரம் தாமதமானால் பயணி நாலு வார்த்தை திட்டுவார். அறுவடை ஒரு நாள் தள்ளிப்போனால் ஒரு குடும்பத்தின் ஆறு மாத உழைப்பு தண்ணீரில் போய்விடும்.

மன்னார்குடியிலிருந்து முத்துப்பேட்டைப் பக்கம் போகும் வழியில் ஓர் ஊர். அங்கே விவசாயிகள் சேர்ந்து ஒரு சங்கம் நடத்தினார்கள். தை மாதம் வந்தால் சேலம் பக்கத்திலிருந்து அறுவடை மெஷின்களை வாடகைக்கு வரவழைத்து, உறுப்பினர்களுக்கு முறை வைத்து அனுப்புவார்கள். மெஷின் நாலு, வயல்கள் நூற்றுக்கணக்கில். யாருக்கு முதலில், யாருக்குப் பிறகு என்பதில் ஒவ்வொரு வருஷமும் சண்டை. நோட்டில் எழுதினால் பக்கத்தைக் கிழித்துவிட்டார்கள் என்று ஒரு புகார், நடுவில் பெயரைச் செருகிவிட்டார்கள் என்று இன்னொரு புகார். சங்கத்தின் செகரட்டரி ஜெயராமன் நல்ல மனிதர், ஆனால் கூட்டத்தைக் கண்டால் கை நடுங்கும். "மேடம், யாரும் என்னைக் கை காட்டாத மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்க" என்று எங்களிடம் வந்தார்.

அந்த ஊரில் இணையம் வரும், போகும். அதனால் எல்லாவற்றையும் சங்கத்தின் நெல் களத்துக்குள்ளேயே அடக்கினோம். சங்க அலுவலகத்தில் ஒரு கம்ப்யூட்டர். அதில் ஓடும் எங்கள் நிரல், தன் வயிற்றுக்குள்ளேயே ஒரு வெப் சர்வரை, கேட்கிற போனுக்கெல்லாம் பக்கத்தை எடுத்துக் கொடுக்கும் பகுதியை, தொடங்கும். களத்துக்கு வரும் விவசாயி அங்கிருக்கும் வைஃபையில் போனை இணைத்து, சுவரில் மாட்டியிருக்கும் டி.வி.யில் தெரியும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் ஒரு பக்கம் திறக்கும். பெயரையும் வயலையும் பதிந்தால் முறை எண் வரும். அதன்பிறகு அந்தப் பக்கம் சில விநாடிக்கு ஒரு தடவை சர்வரைக் கூப்பிட்டு, "என் முறை எங்கே நிற்கிறது" என்று தானாகவே கேட்டுக்கொண்டிருக்கும். இந்தக் கேட்டுக்கொண்டிருப்பதை மட்டும் ஞாபகத்தில் வையுங்கள். நான் வைக்கவில்லை.

தொடக்க விழா அன்றே எனக்கு ஒரு கொட்டு விழுந்தது. செகரட்டரி கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, என்னைப் பொத்தானை அழுத்தச் சொன்னார். அழுத்தினேன். டி.வி.யில் க்யூஆர் கோடு பளிச்சென்று வந்தது. முன் வரிசையில் இருந்த ஒருவர் ஸ்கேன் செய்தார். வெறும் வெள்ளைப் பக்கம். இன்னொருவர் செய்தார், அதுவும் வெள்ளை. சர்வர் இன்னும் பட்டியலை ஏற்றிக்கொண்டிருந்தது. தயாராக அதற்கு ஆறேழு விநாடி வேண்டும். நான் "தொடங்கு" என்று சொன்ன மறு நொடியே தொடங்கிவிட்டதாக எடுத்துக்கொண்டு கோடைக் காட்டிவிட்டேன்.

"கடையத் தொறக்காமயே போர்ட மாட்டிட்டீங்களே மேடம்" என்றார் அந்த முன் வரிசைக்காரர். களமே சிரித்தது. எனக்குக் காது சிவந்துவிட்டது. அன்றைக்கே மாற்றினேன். சர்வரைத் தொடங்கியதும் நிரல் தானே ஒரு வாடிக்கையாளரைப் போல அதன் பக்கத்தைக் கேட்கும், பதில் வந்த பிறகுதான் டி.வி.யில் கோடு வரும். தொடங்குவது சரியாகிவிட்டது. அந்த மிதப்பில் நிறுத்துவதைப் பற்றி நான் யோசிக்கவேயில்லை.

நிறுத்த வேண்டிய தேவை எப்போது வரும்? மெஷின் எண்ணிக்கை மாறும்போது. ஒரு மெஷின் பழுதாகி நின்றுவிட்டால் செகரட்டரி நாலை மூன்று என்று மாற்றிப் பொத்தானை அழுத்துவார். நிரல் சர்வரை நிறுத்தி, புதுக் கணக்குடன் மறுபடி தொடங்கும். முதல் வரி நிறுத்து, அடுத்த வரி தொடங்கு. சோதித்துப் பார்த்தபோது சில சமயம் தொடங்க மறுத்தது. சர்வருக்குக் கம்ப்யூட்டரில் ஒரு வாசல் எண் உண்டு, நாம் போர்ட் என்கிறோமே, அது. எங்கள் வாசல் 8080. அந்த வாசல் இன்னும் காலியாகவில்லை என்று கம்ப்யூட்டர் சொன்னது.

அங்கேதான் என் கெட்டிக்காரத்தனம் வேலை செய்தது. சங்கத்துக் களத்தில் இரண்டு எடைத் தராசு உண்டு. ஒன்றில் கூட்டமாக இருந்தால் மூட்டையை அடுத்த தராசுக்குத் தள்ளுவார்கள். எல்லா நெல் களத்திலும் இதுதான் வழக்கம், நான் சின்ன வயதிலிருந்து பார்த்தது. அதையே மூன்று வரியில் எழுதினேன். 8080 காலியாக இல்லையா, 8081-ஐத் திற. க்யூஆர் கோடிலும் புது எண் தானாக மாறிவிடும்.

என்னோடு வேலை பார்த்த ரஹ்மத்துல்லா, முத்துப்பேட்டைக்காரர், என் வயதுதான். அதிகம் பேசமாட்டார், பேசினால் இடக்காக ஒன்று கேட்பார். அவர் திரையைப் பார்த்துவிட்டு, "வாசல் ஏன் காலியாகலைன்னு பாத்தீங்களா?" என்றார்.

"அடுத்த வாசல்தான் தொறந்துடுச்சே பாய், அப்புறம் என்ன?" என்றேன்.  நான் டீ குடிக்கப் போனேன்.

இரண்டு தை மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. அந்த இரண்டு வருஷமும் பகல் நேரத்தில் மெஷின் எதுவும் பழுதாகவில்லை, அவ்வளவுதான் காரணம். மூன்றாவது வருஷம் ஒரு நாள் மதியம் செகரட்டரியிடமிருந்து போன்.

"மேடம், உடனே வாங்க. இருபதாம் நம்பர்ல ரெண்டு பேர் நிக்கிறாங்க. ரெண்டு பேர் போன்லயும் இருபதுன்னுதான் காட்டுது. நான் காசு வாங்கிட்டு மாத்திட்டேங்கிறாங்க. என்னைக் கம்ப்யூட்டர் கிட்டயே விட மாட்டேங்கிறாங்க."

ரஹ்மத்துல்லாவின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனேன். வழியெல்லாம் இரண்டு பக்கமும் முற்றிய சம்பா. பல வயல்களில் கதிர் பாரம் தாங்காமல் தரையோடு படுத்திருந்தது. மூன்றாம் நாள் மாலை மழை என்று காலையிலேயே செய்தியில் சொல்லியிருந்தார்கள். படுத்த கதிரின்மேல் மழை பெய்தால் நெல் வயலிலேயே முளைத்துவிடும். பிறகு மெஷினும் இறங்காது, எவரும் வாங்கவும் மாட்டார்கள். 

களத்தில் நூறு பேருக்கு மேல் நின்றார்கள். நடுவில் அந்த இரண்டு இருபதுகள். ஒருவர் நடராஜன், இரண்டு வேலி, பதிமூன்று ஏக்கருக்கு மேல் நிலம், தம்பி துபாயில். இன்னொருவர் அஞ்சம்மாள், பத்து மா, மூன்று ஏக்கர் சொச்சம், குத்தகைக்கு எடுத்துத் தானே பயிர் செய்கிறவர். கணவர் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தார், விதை விட்டதிலிருந்து வரப்பு வெட்டியதுவரை எல்லாம் அஞ்சம்மாள்தான். ஒரு நாளைக்கு எட்டு வயல் அறுக்கலாம். இருபது என்றால் மூன்றாம் நாள் காலை, மழைக்கு முன்னால். அதற்குள் முறை வராவிட்டால் அவருக்கு அந்தப் போகம் இல்லை. குத்தகை நெல்லை மட்டும் அளந்தே ஆக வேண்டும்.

அஞ்சம்மாள் என்னைப் பார்த்ததும் போனை நீட்டினார். "பாருங்க மேடம், இருபது. நான் அழிக்கல, எழுதல. உங்க பொட்டி குடுத்த நம்பரு. இப்ப பெரிய வீட்டுக்காரருக்கும் அதே நம்பரக் குடுத்திருக்கு. அதெப்படிங்க?"

நடராஜனுக்கு முகம் சிவந்திருந்தது. "நான் யாருக்கும் ஒரு பைசா குடுக்கல. என்னையத் திருடன்னு பேசறாங்க. எனக்கும்தான் இருபதுன்னு வந்துச்சு. மொதல்ல இந்த எழவ அணைங்க, நோட்டுல எழுதிக்கலாம்."

"அணைங்க, அணைங்க" என்று பின்னாலிருந்து நாலைந்து குரல். என்னைப் பார்த்த தைரியத்தில் செகரட்டரியும் சுவிட்ச் பக்கம் கையைக் கொண்டுபோனார். ரஹ்மத்துல்லா சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் அப்படி யாரையும் தொட்டு நான் பார்த்ததில்லை.

"ஒரு நிமிஷம் சார். வசந்தா, இங்க பாருங்க" என்று என்னையும் கூப்பிட்டார்.

இரண்டு போனையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பக்கம் ஒன்றே, நிறம் ஒன்றே, எண்ணும் ஒன்றே. மேலே முகவரி மட்டும் வேறு. அஞ்சம்மாள் போனில் 8080 என்று முடிந்தது. நடராஜன் போனில் 8081.

 ஒரே நொடியில் எனக்கு முழுதும் புரிந்துவிட்டது. காலை பத்து மணிக்கு ஒரு மெஷினின் பெல்ட் அறுந்திருக்கிறது. செகரட்டரி எண்ணை மாற்றி அழுத்தியிருக்கிறார். நிரல் சர்வரிடம் நில் என்று சொல்லியிருக்கிறது. நிற்கிறேன், உள்ளே இருக்கிறவர்கள் போகட்டும் என்று சர்வர் சொல்லியிருக்கிறது. உள்ளே இருந்த போன்கள்தான் போகவேயில்லை. சில விநாடிக்கு ஒரு தடவை என் முறை எங்கே, என் முறை எங்கே என்று கேட்டு அதை நிற்கவிடாமல் பிடித்து வைத்திருக்கின்றன. என் மூன்று வரி அதற்குள் அடுத்த வாசலைத் திறந்து இரண்டாவது சர்வரைத் தொடங்கிவிட்டது. பக்கத்தை ஏற்கெனவே திறந்து வைத்திருந்தவர்கள் பழைய சர்வரிலும், புதிதாக ஸ்கேன் செய்தவர்கள் புதிய சர்வரிலும் அதிலிருந்து பதிந்திருக்கிறார்கள். முறை எண் பதினொன்றுவரை பட்டியல் ஒன்று. பன்னிரண்டிலிருந்து இரண்டு. செகரட்டரி யோக்கியர், நடராஜன் யோக்கியர், அஞ்சம்மாள் யோக்கியர். குற்றவாளி நான்.

இன்னொன்றும் புரிந்தது, அது இதைவிட மோசம். யார் பதிந்தாலும் அந்தந்த சர்வர் தன் பட்டியல் முழுவதையும் கம்ப்யூட்டரின் வட்டில், அதாவது ஹார்ட் டிஸ்கில், ஒரே கோப்பின்மேல் எழுதும். கடைசியாக எழுதியவர் பட்டியல்தான் அங்கே இருக்கும். மற்றது சர்வரின் நினைவில் மட்டும் இருக்கிறது. இப்போது அணைத்தால் இரண்டில் ஒரு பட்டியல் ஆவியாகிவிடும். எந்தப் பட்டியல் என்றுகூட எனக்குத் தெரியாது.

இளையவர்களே, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். ஏதாவது தவறாக ஓடுகிறது என்று தெரிந்தவுடன் கை முதலில் நிறுத்தும் பொத்தானுக்குத்தான் போகும். நூறு பேர் கத்தும்போது இன்னும் வேகமாகப் போகும். அந்த நேரத்தில் உங்களை நீங்களே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இது நின்றால் எதை இழப்பேன்? பதில் தெரியாவிட்டால் தொடாதீர்கள். தவறாக ஓடிக்கொண்டிருந்த அந்த இரண்டு சர்வர்கள் மட்டும்தான் அன்றைக்கு நடந்த உண்மையை முழுதாகத் தெரிந்து வைத்திருந்தன.

ரஹ்மத்துல்லா தன் போனில் 8080-இன் பட்டியலைத் திறந்தார். நான் என் போனில் 8081. ஒவ்வொரு பெயருக்கும் பதிந்த நேரம் விநாடிவரை இருந்தது. அதை மட்டும் ஒழுங்காக எழுதியிருந்தேன், நல்ல காலம். பக்கம் பக்கமாகப் படம் பிடித்துக்கொண்டோம். அதன்பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

களத்து மைக்கைக் கையில் வாங்கினேன். பேச்சாளர் இல்லை நான். "தப்பு செகரட்டரி மேல இல்ல. நடராஜன் சார் மேல இல்ல. நான் எழுதின புரோகிராம்ல தப்பு. காலைலேர்ந்து ரெண்டு பட்டியல் ஓடியிருக்கு. ரெண்டும் எங்க கையில பத்திரமா இருக்கு, ஒரு பேரும் போகல. யார் எத்தனை மணிக்குப் பதிஞ்சாங்களோ அந்த வரிசைல உங்க முன்னாடியே ஒண்ணா சேக்கப்போறோம். அதுவரைக்கும் யாரும் புதுசா பதியாதீங்க."

யாரும் கைதட்டவில்லை. "இதுக்குத்தான் மெஷினு வேணாம்னேன்" என்று ஒருவர் சொன்னது மட்டும் நன்றாகக் கேட்டது. வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

சேர்த்தோம். இரண்டு பட்டியலையும் நேரப்படி வைத்தால் நடராஜன் அஞ்சம்மாளுக்குச் சில நிமிஷம் முன்னால் பதிந்திருந்தார். அஞ்சம்மாள் முப்பதாவது இடத்துக்குப் போய்விட்டார். முப்பது என்றால் நாலாம் நாள். மழைக்கு மறுநாள்.

எண்ணைக் கேட்டதும் அஞ்சம்மாள் கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் சாக்கு அடுக்கின்மேல் மெதுவாக உட்கார்ந்தார். "அப்ப முளைச்ச நெல்லத்தான் அறுக்கணும்" என்றார், என்னைப் பார்த்துக்கூட இல்லை.  வேலையில் நான் அழுததில்லை, அன்றைக்கு நூலிழையில் தப்பினேன்.

ரஹ்மத்துல்லா சேர்த்த பட்டியலை ஓரமாக நின்று விரலால் ஒவ்வொரு வரியாகத் தள்ளிக்கொண்டிருந்தார். "நடராஜன் சார், உங்க வயலுக்குப் பேர் என்ன?"

"பெரிய கட்டளை."

"பழைய பட்டியல்லயும் பெரிய கட்டளை இருக்கே. வேற போன்லேர்ந்து."

நடராஜன் ஒரு கணம் யோசித்தார். பிறகு தலையைச் சொறிந்தார். "என் டிரைவர்கிட்டயும் போடச் சொல்லியிருந்தேன். அவனுக்குப் போன்ல முன்னாடியே பக்கம் தொறந்திருந்துச்சு. எனக்குச் சுத்திக்கிட்டே இருந்துச்சுன்னு நான் மறுபடி ஸ்கேன் பண்ணிப் போட்டேன். ஒண்ண அடிச்சிடுங்க மேடம். எனக்கு ஒரு வயல்தான், ஒரு முறைதான்."

அவர் அதை மைக் பக்கத்தில் நின்று சொன்னார். களம் முழுக்கக் கேட்டது. திருடன் என்று பேசப்பட்ட மனிதர் தானாக ஒரு இடத்தை விட்டுக்கொடுத்ததும் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? "எங்க வீட்டுலயும் ரெண்டு தடவ போட்டோம்" என்று ஒரு குரல். "என் மச்சான் எனக்கும் சேத்துப் போட்டுட்டான், ஒண்ண எடுத்துடுங்க" என்று இன்னொன்று. வயல் பெயரை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். ஒரு வயலுக்கு ஒரு முறை, முதலில் பதிந்ததே நிற்கும். அஞ்சம்மாளுக்கு முன்னால் மட்டும் ஏழு பேர் இரட்டையாக இருந்தார்கள். ஏழும் போயின. அஞ்சம்மாள் இருபத்து மூன்று. மூன்றாம் நாள் பிற்பகல். மழைக்குக் கொஞ்சம் முன்னால், ஆனால் முன்னால்.

இனி அந்தச் சேர்த்த பட்டியலை சர்வரில் ஏற்ற வேண்டும். அதற்கு நிறுத்தித்தான் தொடங்க வேண்டும். அஞ்சம்மாள் எழுந்து வந்து கம்ப்யூட்டர் முன்னால் நின்றுகொண்டார்.

"நிறுத்திட்டு மறுபடி போடுவீங்கல்ல? அப்பவும் என் பேரு இருபத்து மூணுல இருக்கான்னு பாத்துட்டுத்தான் நான் வீட்டுக்குப் போவேன்."

"பாத்துட்டே போங்க அக்கா. எனக்கு அரை மணி நேரம் குடுங்க" என்றேன்.

அப்போது களத்துக் காவலாளி சாப்பாட்டுக்காக கேட்டைச் சாத்திக்கொண்டிருந்தார். அவர் பூட்டும் விதத்தை நான் பல தடவை பார்த்திருக்கிறேன், மூளையில் ஏறியதில்லை. முதலில் வெளி கேட்டைச் சாத்துவார். புது வண்டி எதுவும் உள்ளே வராது. உள்ளே தராசில் இருக்கும் மூட்டைகளை எடை போட்டு முடித்து அனுப்புவார். பிறகு களத்தை ஒரு சுற்றுச் சுற்றி, "யாராச்சும் உள்ள இருக்கீங்களா" என்று குரல் கொடுப்பார். வேலை ஒன்றும் இல்லாமல் நெல் குவியலுக்குப் பின்னால் படுத்திருப்பவர்களை எழுப்பி வெளியே அனுப்புவார். ஒரு தடவை தூங்கியவரை வைத்தே பூட்டிவிட்டார்களாம், அதற்குப் பிறகு வந்த பழக்கம். எல்லோரும் போன பின்தான் பூட்டு.

அதையே அப்படியே எழுதினேன். நிறுத்து என்றதும் புதிதாக வருபவர்களை வாங்காதே. பாதியில் பதிந்துகொண்டிருப்பவர்களை முடிக்கவிடு. சும்மா என் முறை எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்கும் போன்களுக்கு, சர்வர் மாறுகிறது, மறுபடி ஸ்கேன் செய்யுங்கள் என்று பதில் சொல்லி இணைப்பைத் துண்டி. உள்ளே எத்தனை பேர் என்று எண்ணு. பூஜ்யம் ஆனதும் பட்டியலை வட்டில் எழுது, பிறகு வாசலைக் காலி செய். காலியாகிவிட்டதா என்று நீயே தட்டிப் பார். குறிப்பிட்ட நேரத்துக்குள் ஆகவில்லையென்றால் கத்து, மனிதர்களைக் கூப்பிடு. என்ன ஆனாலும் அடுத்த வாசலுக்கு மட்டும் போகாதே. என் பழைய மூன்று வரியை அழித்தபோது ரஹ்மத்துல்லா பக்கத்தில் நின்று பார்த்தார். சொல்லிக்காட்டவில்லை. அவர் சொல்லிக்காட்டாததுதான் அதிகம் வலித்தது, இன்றைக்குச் சொல்கிறேன்.

தஞ்சாவூர் மாடியில் வேறொரு கம்ப்யூட்டரில் சோதிக்க நேரமில்லை. ரஹ்மத்துல்லாவின் லேப்டாப்பில் புது நிரலை ஓட்டி, எங்கள் போன்களையும் அங்கிருந்தவர்கள் போன்களையும் இணைத்துப் பத்துத் தடவை நிறுத்தித் தொடங்கினோம். பத்தும் தேறியது. பழைய நிரலை இனி அணைக்கலாம். செகரட்டரி அணைத்தார், நாங்கள் புதியதைச் சேர்த்த பட்டியலோடு ஏற்றினோம். கோடு வந்ததும் களம் மொத்தமும் ஸ்கேன் செய்தது. அஞ்சம்மாள் போனில் இருபத்து மூன்று.

"இப்ப நிறுத்துங்க" என்றார் அஞ்சம்மாள்.

உள்ளே எத்தனை பேர் என்ற எண்ணை டி.வி.யிலேயே தெரியும்படி செய்திருந்தேன். செகரட்டரி கும்பிட்டுவிட்டுப் பொத்தானை அழுத்தினார். உள்ளே 46 என்று இருந்தது 31 ஆனது. 18 ஆனது. "ஒன்பது... அஞ்சு... ரெண்டு..." என்று கூட்டம் சேர்ந்து எண்ண ஆரம்பித்தது, தேரோட்டத்துக்கு வந்த மாதிரி. ஒன்றில் வந்து அப்படியே நின்றது.  

"யாருய்யா அந்த ஒண்ணு?" என்றார் நடராஜன்.

ஓரத்தில் ஒரு பெரியவர் ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டிக்கொண்டிருந்தார். "இருங்கப்பா, இன்னும் வயல் பேரு போடல" என்றார். நூறு பேரும் அவருக்காகக் காத்திருந்தார்கள். என் சர்வரும் காத்திருந்தது. அவர் தட்டி முடித்தார், அவருக்கு எண் வந்தது, டி.வி.யில் பூஜ்யம் விழுந்தது. "நின்றது" என்ற வார்த்தை வந்தது. களத்தில் விசில் பறந்தது. ஆறேழு விநாடி கழித்து மறுபடி கோடு. அஞ்சம்மாள் ஸ்கேன் செய்தார். இருபத்து மூன்று. பெரியவரும் அவர் எண்ணிலேயே இருந்தார்.

முப்பது வருஷத்தில் எத்தனையோ நிரல் ஓடி நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன். அந்த விசிலுக்கு ஈடு ஒன்றுமில்லை. செகரட்டரி என் கையைப் பிடித்துக் குலுக்கினார், கை நடுங்காமல். "இதுக்குத்தான் மெஷினு வேணாம்னேன்" என்று சொன்னவரைத் தேடினேன். அவர் தன் போனை மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அஞ்சம்மாள் கிளம்பும்போது, "நம்பரு இருக்கு மேடம். மழையும் நம்பர் பாத்து வரணுமே" என்றார்.

மூன்றாம் நாள் எனக்குத் தஞ்சாவூரில் வேறு வேலை இருந்தது. ஒரு உரக்கடை நிரலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வரிகூட எழுதாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மதியத்துக்கு மேல் காற்று மாறியது. மூன்று மணிக்குக் கோடியக்கரைப் பக்கம் நல்ல மழை என்று ரஹ்மத்துல்லா தன் சொந்தக்காரரிடம் பேசித் தெரிந்துகொண்டார். அங்கிருந்து அந்த ஊருக்கு மேகம் வர எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. செகரட்டரிக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். நாலு மணிக்கு எங்கள் மாடியிலும் இருட்டிவிட்டது. ரஹ்மத்துல்லா டீ வாங்கி வந்து வைத்தார். இரண்டு டம்ளரும் அப்படியே ஆறிப்போயின.

ஐந்தே காலுக்கு என் போன் அடித்தது. புது எண். எடுத்தால் காற்று இரைச்சல், தகரத்தில் கல் கொட்டுகிற மாதிரி சத்தம், அதற்கு மேல் அஞ்சம்மாளின் குரல்.

"மேடம், மழ புடிச்சுக்கிச்சு! ஊத்துது!"

 "அக்கா, நெல்லு?" என்றேன்.

"நெல்லு பத்து மாவும் கொட்டகைக்குள்ள இருக்கு மேடம்! நான்தான் வெளிய நின்னு நனைஞ்சுக்கிட்டிருக்கேன்!"